கூடைப்பந்து அரங்கில் ஒரு லோயர் பெர்த்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னை ஓரமாக அழைத்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் இருக்கிறான். அப்பா அம்மா வரும்போது அவர்களைக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப்போக அவனுக்கு ஆசை. அரங்கின் படத்தை அனுப்பி, "எந்த இடத்தில் டிக்கெட் எடுக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறான். படத்தில் நூற்றுக்கணக்கான கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை.

"சார், நீங்க டொரன்டோவுல பாத்துட்டு வந்தவரு. இன்ஜினியர் வேற. எங்க உக்காந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டார்.

"நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் எடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ரயிலில் பாறசாலைக்குத் திரும்பும்போதுதான், நான் சொன்னது பாதிப் பதில் என்று உறைத்தது. அதே பாதிப் பதிலை நம்பி நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். மீதிப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. இன்றோ நாளையோ இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரும்.

கமுகு மரக் கேலரி

எங்கள் ஊர் எல்லை ஊர். பாறசாலை கேரளத்தில், அடுத்தாற்போல் இருக்கும் களியக்காவிளை தமிழ்நாட்டில். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு பக்கத்துப் பையன்களும் மோதும் வாலிபால் ஆட்டத்துக்குக் கமுகு மரத்தை வெட்டிக் கயிற்றால் கட்டிக் கேலரி போடுவார்கள். டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கேலரி, எடுக்காதவர்களுக்கு மதில், எங்களைப் போன்றவர்களுக்குப் பலாமரம். பலாமரக் கிளையிலிருந்துதான் ஆட்டம் மிக நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம். இறங்கி வந்ததும் வீட்டில் கிடைத்த அடி தனிக் கணக்கு.

பிறகு நாகர்கோவிலில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்தேன். வளைவில் மரக்கிளை சிக்னலை மறைக்கிறதா, லெவல் கிராசிங்கில் நிற்பவருக்கு வண்டி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படும் என்று பார்ப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. யாருக்கு, எங்கிருந்து, எது தெரியும் என்ற கேள்வி அப்படித்தான் எனக்குப் பழகியது.

2023 பிப்ரவரியில் நானும் மனைவியும் டொரன்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். பேத்திக்கு வயது 13. பள்ளி அணியில் பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கும் 'பாயின்ட் கார்டு' அவள். மார்ச்சில் வந்த பிறந்தநாளுக்கு டொரன்டோ ராப்டர்ஸ் அணியின் ஆட்டத்தைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றாள். "தாத்தா, நீங்கதானே இன்ஜினியர், நீங்களே சீட் பாருங்க" என்று கணினியை என் முன்னால் வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பலகை வந்த கதை

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாக்காரர். 1861இல் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மான்ட் என்ற ஊருக்கு அருகில் பிறந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் மாணவர்களுக்குக் குளிர்கால விளையாட்டு ஒன்று தேவைப்பட்டபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்.

மாடியில் நின்று பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் அணிக்கு வேண்டியபடி கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அவர்களைத் தடுப்பதற்காகத்தான் 1890களில் கூடைக்குப் பின்னால் தடுப்பு வந்தது. முதலில் கம்பி வலை, பிறகு மரப்பலகை. மரப்பலகை பின்னாலிருப்பவர்களின் பார்வையை மறைத்ததால் கண்ணாடிப் பலகை வந்தது. எந்த இடத்தில் உட்காருவது என்ற கேள்விக்கு ஏறக்குறைய இந்த ஆட்டத்தின் வயதே ஆகிறது.

இன்றைய என்.பி.ஏ. தன் வரலாற்றின் முதல் ஆட்டமாகக் கணக்கில் வைத்திருப்பதும் டொரன்டோவில் நடந்ததுதான். 1946 நவம்பர் 1 அன்று மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் டொரன்டோ ஹஸ்கீஸ் அணியை நியூயார்க் அணி 68-66 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் 7,090 பேர். ஹஸ்கீஸ் அணியின் மிக உயரமான ஆட்டக்காரர் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமானவர்களுக்கு அன்று இலவச அனுமதி என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்டவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் எல்லைக்காரர்களுக்கு நவம்பர் 1 மறக்காத தேதி. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1956இல் அதே நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமும் ஆயின.

ஐஸ் தளத்தின் மேல் ஒரு மரத்தளம்

ராப்டர்ஸ் ஆடும் ஸ்கோஷியாபேங்க் அரினா 1999 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ஏர் கனடா சென்டர். 2018இல் பெயர் மாறியது. 1927இல் திறந்த யூனியன் ரயில் நிலையத்தோடு இதைக் கூரையிட்ட நடைபாதை இணைக்கிறது. ரயிலிலிருந்து இறங்கிப் பனியில் நனையாமல் அரங்குக்குள் போய்விடலாம். கூடைப்பந்துக்கு ஏறக்குறைய 19,800 இருக்கைகள்.

இந்த அரங்கில் ஐஸ் ஹாக்கியும் ஆடுகிறார்கள். பனித்தளத்தை மூடி, மேலே மரத்தளத்தை விரித்துக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். இருக்கை தேர்வுக்கு இது மிக முக்கியமான செய்தி. ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். என்.பி.ஏ. ஆடுகளமோ 94 அடி நீளம், 50 அடி அகலம்தான். கழித்துப் பாருங்கள். பக்கவாட்டில், ஹாக்கிக்காகக் கட்டிய நிரந்தர இருக்கைகள் ஆடுகளத்திலிருந்து பதினேழரை அடி தள்ளி ஆரம்பிக்கும். கூடைக்குப் பின்புறமோ 53 அடி தள்ளி ஆரம்பிக்கும். அந்த இடைவெளியைத் தற்காலிக வரிசைகளால் நிரப்புவார்கள். அவற்றில் சரிவு பெரும்பாலும் குறைவு. ஆகவே, இப்படி இரண்டு ஆட்டங்களுக்குப் பொதுவான அரங்கில் "கூடைக்குப் பின்னால், கீழ்த்தட்டு" என்று வரைபடம் சொன்னாலும், ஆட்டம் நாம் நினைப்பதைவிடத் தூரத்தில் இருக்கலாம்.

ஒரே ஆட்டம், மூன்று தோற்றம்

பாலத்துக்கு வரைபடம் போடும்போது நீளவெட்டு, குறுக்குவெட்டு என்று இரண்டு தோற்றம் வரைவோம். அரங்கிலும் அப்படியே.

பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால் இரண்டு கூடைகளும் சம தூரம். பந்து ஏறி இறங்கும் வளைவு முழுதாகத் தெரியும். தொலைக்காட்சியின் முக்கியக் கேமராவும் இந்தப் பக்கத்து உயரத்தில்தான் இருக்கும். விலை அதிகமாவதற்குக் காரணம் இதுதான்.

கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பந்து வலப்புறம் விலகியதா, இடப்புறம் விலகியதா என்று துல்லியமாகத் தெரியும். ஆட்டக்காரர்களுக்கு நடுவில் எங்கே வழி திறக்கிறது என்பதும் தெரியும். ஆனால் பந்து எட்டுமா எட்டாதா என்பது தெரியாது. இடைவேளைக்குப் பின் அணிகள் கூடை மாறுவதால், நம் அணி பாதி நேரம் நம்மை நோக்கி வரும், பாதி நேரம் முதுகைக் காட்டும். மிகக் கீழே உட்கார்ந்தால் கூடையைத் தாங்கும் இரும்புத் தூணும் மறைக்கும்.

மூலையில் உட்கார்ந்தால் இரண்டும் கலந்து கிடைக்கும். அருகிலுள்ள கூடை பெரிதாகவும் எதிர்க் கூடை சிறிதாகவும் தெரியும். அதே தட்டின் நடு இடத்தைவிட விலையும் பெரும்பாலும் குறைவு.

தூரத்துக்கு ஒரு பெருவிரல் கணக்கு உண்டு. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். 2 மீட்டர் உயர ஆட்டக்காரர் 50 மீட்டர் தூரத்தில் இருந்தால், விரல் நுனியிலிருந்து முதல் கணு வரைகூட இருக்கமாட்டார். 15 மீட்டரில் உள்ளங்கை அகலம் இருப்பார்.

முன்னால் இருப்பவர் தலை

அரங்கு கட்டுபவர்கள் பார்க்கும் முக்கியமான அளவு ஒன்று உண்டு. நம் பார்வைக் கோடு முன்வரிசைக்காரரின் கண் மட்டத்துக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் தாண்டிப் போகிறது என்பதே அது. 6 இருந்தால் சமாளிக்கலாம், 9 நல்லது, 12 இருந்தால் தலை மறைக்காது.

ஓர் உதாரணம். ஆடுகளத்தின் ஓரக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் மட்டம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்வரிசை 80 செ.மீ. பின்னால் இருக்கிறது. படியின் உயரம் 30 செ.மீ. என்றால் பின்னாலிருப்பவரின் பார்வை ஐந்தரை செ.மீ.தான் தாண்டும். 35 செ.மீ. ஆக்கினால் 10 செ.மீ. தாண்டும். படி 5 செ.மீ. உயர்ந்ததும் பார்வை ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் மேலே போகப் போகப் படிகளைச் செங்குத்தாக அமைக்கிறார்கள். மேல்தட்டில் தலை மறைப்பு குறைவு. ஆனால் அந்தச் செங்குத்துக்கு விலை கொடுப்பது நம் முழங்கால்.

இதை எழுதும்போது கையில் பேனாவோடு சிரிக்கிறேன். அன்று இந்த வாக்கியத்தின் முதல் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

என் கணக்கில் விடுபட்டவர்

கணக்கின் முடிவில் எனக்குக் கிடைத்த இடம், மேல்தட்டு, நடுக்கோட்டுக்கு நேர், நல்ல உயரம். கீழே மூன்று பேருக்கு ஆகும் பணத்தில் மேலே ஐந்து பேர். மாப்பிள்ளையின் பணத்தையும் மிச்சம் பிடித்தாயிற்று. நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேத்தி என்று ஐந்து டிக்கெட் எடுத்தோம்.

வாசலைத் தாண்டி உள்ளே போனதும் இருபதுக்கு மேல் படி ஏற வேண்டியிருந்தது. பேத்தி மான் மாதிரி ஓடினாள். என் மனைவிக்கு முழங்கால் வலி பத்து வருஷமாக உண்டு. பாதியில் நின்று, திரும்பிக் கீழே பார்த்தாள். அவ்வளவுதான். முகம் வெளுத்துக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் தாங்கிப் பிடித்து இருக்கையில் உட்கார வைத்தாள். விளக்கை அணைத்து ஆட்டக்காரர்களை அறிமுகம் செய்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். முதல் கால் பகுதி முடியும் முன்பே மகள் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகித் திரும்பி வருவாள் என்று நினைத்தேன். இன்னொரு உண்மையையும் சொல்கிறேன். என் கணக்கு அவ்வளவு சரியாக வந்திருந்தது. இரண்டு கூடைகளும் சமமாக, பந்தின் வளைவு முழுதாக, ஒரு தலையும் மறைக்காமல்! பேத்தி ஒவ்வொரு நகர்வையும் விளக்கிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இரண்டு இருக்கைகள் காலியாகவே இருந்தன.

இடைவேளையில் போய்ப் பார்த்தேன். வெளி நடைபாதையில் ஒரு பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரிலிருந்த டி.வி.யில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை.

"இஞ்ச பாருங்க, டி.வி.யில பாக்கதுக்கு இத்தற பைசா எதுக்கு? வீட்டுலயே பாத்திருப்பேனே" என்றாள். பிறகு சொன்னாள்: "ரயில்ல எனக்கு எப்பவும் கீழ பெர்த்துதானே எடுப்பிய? இங்க எப்படி மறந்திய?"

எனக்குப் பதில் இல்லை. டிக்கெட் எடுக்கும்போது முதலில் அவளுடைய லோயர் பெர்த், அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு என்பது எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நடப்பு. தூரம், கோணம், விலை எல்லாவற்றையும் எழுதிய தாளில் படிக்கட்டு என்ற ஒரு வரி இல்லாமல் போயிற்று. அரங்கின் மேல் பிழையில்லை, பிழை என்னுடையது. மீதி ஆட்டத்தை அந்தப் பெஞ்சில் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசிக் கால் பகுதியில் பேத்தியும் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பிறந்தநாள் ஆட்டத்தின் முடிவை அவள் டி.வி.யில்தான் பார்த்தாள். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாம் முறை

ஊர் திரும்பும் முன் இன்னொரு ஆட்டம் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அரங்குகளில் அதே இருக்கைக்கு எதிரணியைப் பொறுத்தும் கிழமையைப் பொறுத்தும் விலை ஏறி இறங்கும். நம் பிரீமியம் தட்கல் மாதிரிதான். வார நாள் ஆட்டமாகப் பார்த்தோம். இந்த முறை கணக்கைத் தலைகீழாகத் தொடங்கினேன். மனைவி எத்தனை படி ஏறி இறங்க முடியும்? பத்துக்குள். அதற்குள் எந்த இருக்கை?

அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. பெரிய அரங்குகள் பலவற்றில் கீழ்த்தட்டின் உச்சியில்தான் நுழைவாசல் இருக்கிறது. அங்கே முன்வரிசைக்குப் போகிறவர்தான் நிறையப் படி இறங்கி, பிறகு அத்தனையும் ஏற வேண்டும். கடைசி வரிசைகளோ வாசலுக்குப் பக்கம். மேல்தட்டில் இது மாறும். ஆகவே வரிசை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வாசலிலிருந்து எத்தனை படி என்று கேட்டறிய வேண்டும்.

கீழ்த்தட்டின் மூலையில், மேல்வரிசையில், நடைவழி ஓரமாக மூன்று இருக்கைகள் எடுத்தோம். ஐந்து பேருக்குப் பணம் கட்டுப்படியாகவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்துகொண்டார்கள். வாசலிலிருந்து நான்கே படி. எதிர்க் கூடை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முன்னால் ஒருவர் அடிக்கடி எழுந்து நின்றார். ஆனால் மனைவி கடைசி மணி வரை இருந்தாள். ஆட்டக்காரர்களின் பெஞ்சு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்: "ஒரு பையன் கடைசிவரைக்கும் உக்காந்தே இருந்தான், பாவம். ஆனா மத்தவன் பந்து போட்டா முதல்ல எந்திச்சு கை தட்டுறது அவன்தான்." நான் அந்தப் பையனைக் கவனிக்கவே இல்லை.

பணம் கொடுத்துக் கூடைக்கு அருகிலேயே உட்காருபவர்களும் உண்டு. அவர்களில் உலகறிந்தவர் நவ் பாட்டியா. 1984இல் இந்தியாவிலிருந்து கனடா சென்ற சீக்கியர். பொறியியல் படித்தவர், அங்கே கார் விற்பனையாளராக வாழ்க்கையைத் தொடங்கினார். ராப்டர்ஸ் 1995இல் ஆட ஆரம்பித்ததிலிருந்து சொந்த ஊர் ஆட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர். 2019இல் அணி பட்டம் வென்றபோது அவருக்கும் ஒரு மோதிரம் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு. பல இனக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் தன் செலவில் டிக்கெட் எடுத்து ஆட்டம் பார்க்க வைக்கிறார். தன் இருக்கையோடு பிறர் இருக்கையையும் நினைத்தவர்.

நம் பக்கத்தில்

ஆட்டம் பார்க்க டொரன்டோதான் போக வேண்டும் என்பதில்லை. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் இண்டியானா, சாக்ரமென்டோ அணிகள் மும்பை வொர்லியில் ஆடின. முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள். 2022 அக்டோபரில் இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் முதல் சுற்று கொச்சி கடவந்திராவில் ராஜீவ் காந்தி உள்ளரங்கில் நடந்தது. அந்தப் போட்டியில் பட்டம் வென்றது சென்னை ஹீட் அணி. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடைக்காலத்தில் அகில இந்தியப் போட்டி திறந்தவெளியில் நடக்கிறது. 2011இல் அமெரிக்காவின் மூன்று மகளிர் தொழில்முறை அணிகள் தேர்வுக்கு அழைத்த கீது அன்னா ஜோஸ், நம் தென்னக ரயில்வேக்காக ஆடியவர். எங்களுக்கு அதில் தனிப் பெருமை.

இங்கே இருக்கை தேடும்போது பார்வைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தற்காலிகக் கேலரியின் கால்களைப் பாருங்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் கால்பந்து இறுதியாட்டத்தின்போது கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். ஈர மண்ணில் கால் ஊன்றியிருந்தால், குறுக்குச் சட்டம் இல்லாமல் செங்குத்துக் கால்கள் மட்டும் இருந்தால், அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறினால், இறங்கி வந்துவிடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் குறைச்சல் ஒன்றுமில்லை.

அன்பருக்கு முழுப் பதில்

கூட்டத்தில் கேட்ட அன்பருக்கு இப்போது முழுதாகச் சொல்கிறேன். உங்கள் குடும்பத்தில் யாருக்கு உட்காருவதும் எழுவதும் மிகக் கடினமோ, அவரிடமிருந்து கணக்கைத் தொடங்குங்கள். வாசலிலிருந்து படிகளை எண்ணுங்கள். நடைவழி ஓர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். அதற்குள் கிடைக்கும் இடங்களில் பக்கவாட்டு நடு முதலில், மூலை அடுத்து, கூடைக்குப் பின்புறம் கடைசி. ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு உயரமான இடம் நல்லது. முகம் பார்க்க விரும்புகிறவருக்கு அருகில் நல்லது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றால், பார்வையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் முழங்கால் வலி என்று அன்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். நான் காதில் வாங்காமல் "நடுவில், கொஞ்சம் உயரத்தில்" என்று சொல்லிவிட்டேன். மகனுக்கு இன்றே போன் செய்து, லோயர் பெர்த்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்.